லண்டன்–நியூயார்க்: தூரம் ஒன்று, போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

லண்டன் ஹீத்ரோவில் காலை 11 மணிக்குக் கிளம்பும் விமானம் பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தை அடையும் என்று ஒரு டிக்கெட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் டிக்கெட்டில், இரவு 8 மணிக்கு நியூயார்க்கில் கிளம்பி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் வந்து சேரும் என்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் போக 3 மணி நேரம், வர 12 மணி நேரம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம்தான். நியூயார்க் கடிகாரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. எனவே நியூயார்க்கின் பிற்பகல் 2 மணி, லண்டனில் இரவு 7 மணி. 11-லிருந்து 7 வரை 8 மணி நேரம். திரும்பும்போது நியூயார்க்கின் இரவு 8 மணி, லண்டனில் நள்ளிரவு தாண்டி 1 மணி. அங்கிருந்து காலை 8 வரை 7 மணி நேரம். ஆக, போக 8, வர 7. நடைமுறைக் கால அட்டவணைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கா மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச்சின் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி நேரம். இலையுதிர் காலத்தில் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தைப் பின்னே திருப்புவதால், அப்போதும் ஒரு வாரம் இதே நிலை. அந்த நாட்களில் 5 என்றே கூட்டிக் கழித்தால் பயண நேரம் ஒரு மணி நேரம் பிசகும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே சரியான வழி.

கடிகார வித்தியாசத்தைக் களைந்த பிறகும் ஒரு மணி நேரம் மிச்சம் நிற்கிறது. அதே இரண்டு ஊர், அதே கடல், பல நேரம் அதே விமானம்கூட. போவதற்கும் வருவதற்கும் ஏன் ஒரு மணி நேர வித்தியாசம்? அதைப் புரிந்துகொள்ள முதலில் தூரத்தை அளந்துவிட வேண்டும்.

தூரம்: நூலை வைத்து அளப்பது

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை லண்டன் மேல் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்து, தொய்வில்லாமல் விறைப்பாக்குங்கள். நூல் எந்த வழியில் படிகிறது என்று பாருங்கள். லண்டனிலிருந்து நேர் மேற்கே போகாது. சற்று வடக்கே ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நடுக்கடலில் 53.7 டிகிரி வட அட்சரேகை வரை உயர்ந்து, பிறகுதான் இறங்கத் தொடங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேண்டர் என்ற சிற்றூருக்கு அருகில் கரை ஏறி, தென்மேற்காக நியூயார்க்கில் போய் இறங்கும். லண்டன் 51.5 டிகிரியிலும் நியூயார்க் 40.6 டிகிரியிலும் இருக்கின்றன. தெற்கே இருக்கும் ஊருக்குப் போக வடக்கே ஏற வேண்டியிருக்கிறது.

இந்த நூல் படியும் வழிதான் பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் இதே பாதை வில்லாக வளைந்து தெரியும். வளைவு அந்தத் தாளில்தான் இருக்கிறது. வட துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டும் வரைபடம் அது. அந்தத் தாளில் அடிக்கோல் வைத்து நேர்கோடு போட்டு, கடைசி வரை அதே திசைகாட்டிக் கோணத்தில் பறந்தால் சுமார் 5,760 கி.மீ. வரும். நூல் வழி 5,540 கி.மீ. சுமார் 220 கி.மீ. லாபம்.

உங்கள் உருண்டை 30 செ.மீ. விட்டம் கொண்டதென்றால் நூலின் நீளம் 13 செ.மீ. இருக்கும். அந்த அளவு உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. ஒரு மில்லிமீட்டர் தவறினால் 42 கி.மீ. போய்விடும் என்பதால் நூலை விறைப்பாகப் பிடிப்பது முக்கியம்.

கால்குலேட்டரில்

நூலைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78. முதலில் தீர்க்கரேகை வித்தியாசம்: இரண்டும் மேற்கு என்பதால் கழிக்க வேண்டும், 73.33. பிறகு:

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கவும்: 0.7823 × 0.6513 = 0.5095.
இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கவும்: 0.6229 × 0.7588 × 0.2869 = 0.1356.
இரண்டையும் கூட்டவும்: 0.6451.
எந்தக் கோணத்தின் கோசைன் 0.6451 என்று தலைகீழாகக் கேட்கவும்: 49.83 டிகிரி.

பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. 49.83-ஐ அதால் பெருக்கினால் 5,540 கி.மீ.

இந்தக் கணக்கில் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை முழுக்க அபத்தமாக வரும். டிகிரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 51 டிகிரி 28 நிமிடம் என்று கொடுத்திருப்பதை 51.28 என்று எழுதுவது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே அது 51.47. இந்தத் தவறு ஊரையே 21 கி.மீ. தெற்கே நகர்த்திவிடும். மூன்றாவது, ஓர் ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

இணையத்தில் தேடினால் 5,540, 5,555, 5,570 என்று வெவ்வேறு எண்கள் கிடைக்கும். மூன்றும் சரிதான். பூமியைச் சீரான பந்தாக எடுத்தால் 5,540. உண்மையில் பூமி நடுவில் சற்றுப் பருத்தது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 5,555. விமானத் துறை நம்புவது இந்த எண்ணைத்தான். 5,570 என்பது விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமே அல்ல, நகர மையங்களுக்கு இடையிலானது. ஹீத்ரோ லண்டன் நடுவிலிருந்து 20 கி.மீ.க்கு மேல் மேற்கே இருக்கிறது. கென்னடி மன்ஹாட்டனிலிருந்து ஏறக்குறைய அதே அளவு தென்கிழக்கே. இரண்டு நிலையங்களும் கடலின் பக்கமாக, ஒன்றை ஒன்று நோக்கி நகர்ந்து உட்கார்ந்திருப்பதால் அவற்றுக்கு இடையிலான தூரம் குறைகிறது.

அலகையும் கவனியுங்கள். விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். தரை மைல் 1,609 மீட்டர். இந்தப் பயணம் 3,000 கடல் மைல், 3,450 தரை மைல், 5,555 கி.மீ. வெறும் ‘மைல்’ என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று கேட்காமல் நகரக் கூடாது. 15 சதவீதம் பிசகும். கடல் மைலுக்கு ஓர் அழகு உண்டு. கோணத்தின் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல். மேலே கிடைத்த 49.83 டிகிரியை 60-ஆல் பெருக்கினால் 2,990 என்று நேரடியாகத் தூரம் வந்து நிற்கும். மாலுமிகள் விட்டுச்சென்ற இந்த அளவை விமானிகள் கைவிடாததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

வேகம்: யாரைப் பொறுத்து?

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்கள் மேலே ஏறியபின் மாக் 0.85 அளவில் பறக்கும். அதாவது ஒலி வேகத்தில் 85 சதவீதம். 11 கி.மீ. உயரத்தில் நிலையான வளிமண்டலக் கணக்குப்படி வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலி மணிக்கு சுமார் 1,062 கி.மீ. போகும். அதில் 85 சதவீதம் 900 கி.மீ. சொச்சம்.

5,555-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஆனால் இந்த 900 என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்தது அல்ல. இந்த ஓர் இடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காவிரியில் பரிசல் விடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் துடுப்பு போடுவது தண்ணீரில். கரையைத் துடுப்பு தொடுவதில்லை. ஒரே பலத்தோடு போட்டாலும் நீரோட்டத்தோடு போகும்போது கரை மரங்கள் வேகமாகப் பின்னால் நகரும், எதிர்த்துப் போகும்போது மெதுவாக நகரும். விமானத்தின் இன்ஜினும் இறக்கையும் தொடுவது காற்றை மட்டும்தான். காற்று முழுதாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும். தரையைப் பொறுத்த வேகம் என்பது காற்றைப் பொறுத்த வேகத்தோடு காற்றின் ஓட்டத்தைக் கூட்டியோ கழித்தோ கிடைப்பது.

வட அட்லாண்டிக்கின் மேல் அந்த ஓட்டம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகவே இருக்கும். தெற்கே வெதுவெதுப்பான காற்றும் வடக்கே குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லையில், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், ஒடுக்கமான ஆறு போல வேகக் காற்று ஓடுகிறது. இதைத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகமாவதால் அப்போது அதன் பலம் கூடும். மணிக்கு 200 கி.மீ. சாதாரணமாக வரும், சில நாட்களில் 400-ஐத் தொடும். விமானங்கள் பறக்கும் உயரமும் இதன் உயரமும் ஒன்றாக இருப்பதால்தான் இது இவ்வளவு முக்கியமாகிறது.

பூமி கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்துவிடும், சீக்கிரம் போய்விடலாம் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியானால் லண்டனிலிருந்து நியூயார்க் போவதுதான் வேகமாக இருந்திருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். பூமியோடு சேர்ந்து வளிமண்டலமும், அதிலிருக்கும் விமானமும் சுழல்கின்றன. தரையில் நிற்கும்போதே விமானத்துக்கு அந்தச் சுழற்சி வேகம் இருக்கிறது. பூமியின் சுழற்சிக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நேரடியானதல்ல. வடக்கு நோக்கிப் பாயும் காற்றைக் கிழக்கே திருப்பிவிட்டு ஜெட் ஸ்ட்ரீமை உருவாக்குவதில்தான் அந்தப் பங்கு இருக்கிறது.

இனிக் கணக்கு. வழி முழுவதும் சராசரியாக 80 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 820. 5,555-ஐ அதால் வகுத்தால் 6 மணி 46 நிமிடம். திரும்பும்போது 100 கி.மீ. பின்காற்று என்றால் தரைவேகம் 1,000. 5 மணி 33 நிமிடம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி 13 நிமிடம். டிக்கெட்டில் பார்த்த அந்த ஒரு மணி நேரம் இதுதான்.

போகும்போது இழந்ததை வரும்போது முழுக்க மீட்டுவிடலாம் என்றும் தோன்றும். மீட்க முடியாது. இருபக்கமும் சரியாக 100 கி.மீ. காற்று என்று வைத்தால், எதிர்த்துப் போக 6 மணி 57 நிமிடம், கூடவே வர 5 மணி 33 நிமிடம், மொத்தம் 12 மணி 30 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் மொத்தம் 12 மணி 21 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டு, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் ஒன்பது நிமிடம் நஷ்டம்.

காற்றின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இரண்டு தேதிகள். 1958 அக்டோபர் 4 அன்று பிரிட்டனின் காமெட் 4 ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சேவையைத் தொடங்கின. ஒரே நாளில் இரு பக்கமிருந்தும் ஒவ்வொன்று கிளம்பியது. நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்தது நிற்காமல் 6 மணி 11 நிமிடத்தில் சேர்ந்தது. லண்டனிலிருந்து போனது எதிர்க்காற்றில் எரிபொருள் போதாமல் கேண்டரில் இறங்கி நிரப்பிக்கொண்டு 10 மணி 22 நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்னொன்று 2020 பிப்ரவரி. சியாரா புயலை ஒட்டிய கடுமையான ஜெட் ஸ்ட்ரீமில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. தரைமட்ட ஒலி வேகத்தைவிட அது அதிகம். ஆனாலும் விமானம் ஒலித்தடையை உடைக்கவில்லை, தன்னைச் சுற்றிய காற்றில் வழக்கமான வேகத்தில்தான் நீந்திக்கொண்டிருந்தது. காற்றின் உதவியை அதிகம் நம்பாமல் நேரத்தைக் குறைத்தது கான்கார்ட் மட்டும்தான். மாக் 2 வேகத்தில் பறந்த அது 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்–லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது. 2003-ல் அதன் சேவை நின்றுபோனது.

குறுகிய வழி எப்போதும் சிக்கன வழி அல்ல

காற்று இவ்வளவு கணக்கை மாற்றும் என்றால் நூல் வழியிலேயே ஏன் போக வேண்டும்? போவதில்லை. பெருவட்டப் பாதையில் சராசரி எதிர்க்காற்று 130 கி.மீ. என்று ஒரு நாள் முன்னறிவிப்பு சொல்கிறது என்று வைப்போம். தரைவேகம் 770, நேரம் 7 மணி 13 நிமிடம். வடக்கே கிரீன்லாந்தின் தெற்கு முனைப் பக்கமாகச் சுற்றினால் தூரம் 5,800 கி.மீ. ஆகிவிடும், ஆனால் எதிர்க்காற்று 60 மட்டும். தரைவேகம் 840, நேரம் 6 மணி 54 நிமிடம். 245 கி.மீ. கூடுதலாகப் பறந்தும் 19 நிமிடம் மிச்சம். 787 வகை விமானம் மணிக்கு ஐந்து டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கும் என்பதால் ஒன்றரை டன்னுக்கும் மேல் மிச்சம். திரும்பும்போது இதற்கு மாறாக, ஜெட் ஸ்ட்ரீமின் நடுவைத் தேடிச் சேர்ந்துகொள்வார்கள். அது தெற்கே ஓடினால் பாதையும் தெற்கே போகும். இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி தெரிவதற்குக் காரணம் இது.

ஆனால் ஒவ்வொரு விமானமும் தன் விருப்பப்படி போக முடியாது. நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. நெரிசலைச் சமாளிக்க, அட்லாண்டிக்கின் மேல் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் தடங்களைக் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து தினமும் புதிதாக வகுக்கிறார்கள். மேற்கே போகும் பகல் தடங்களை ஷான்விக் என்ற விமானக் கட்டுப்பாட்டு மையம் வகுக்கும். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கும் அயர்லாந்தின் ஷானனும் சேர்ந்து பெற்ற பெயர் அது. கிழக்கே வரும் இரவுத் தடங்களை கேண்டரில் இருக்கும் மையம் வகுக்கும். மேற்கு 30 டிகிரி தீர்க்கரேகைதான் இருவருக்கும் எல்லை. பகல் தடங்களுக்கு ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்துகள், இரவுத் தடங்களுக்குக் கடைசி எழுத்துகள். ஆக எழுத்தைக் கேட்டாலே திசை தெரிந்துவிடும். தாமதமாகக் கிளம்பிய விமானத்துக்கு விரும்பிய தடமோ உயரமோ கிடைக்காமல் போகலாம். அப்போது அடுத்த தடத்தில் போய்ச் சில நிமிடங்களை இழக்க வேண்டியதுதான். விமானி வேகத்தைக் கூட்டி ஈடுகட்டக் கூடாதா என்று கேட்பார்கள். மாக் 0.85-ஐ 0.86 ஆக்கினால் மணிக்கு சுமார் 11 கி.மீ. கூடும், முழுக் கடலையும் கடந்தபின் மிஞ்சுவது ஐந்து நிமிடம்கூட இல்லை, எரிபொருள் செலவோ ஏறும்.

பாதையை வளைக்கும் இன்னொரு விதியும் இருக்கிறது. இரண்டு இன்ஜின் கொண்ட விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதையை அடைய முடிய வேண்டும். அமெரிக்கா 1953-ல் 60 நிமிட வரம்பு வைத்தது. 1985-ல் தகுதி பெற்ற விமானங்களுக்கு 120 நிமிடம், 1988-ல் 180 நிமிடம் என்று அது விரிந்தது. இதைக் காம்பஸ் எடுத்து வரைந்து பார்த்தால் புரியும். கேண்டருக்கும் ஷானனுக்கும் இடையே சுமார் 3,180 கி.மீ. ஒற்றை இன்ஜினில் மணிக்கு 740 கி.மீ. என்று வைத்து 60 நிமிட வட்டம் போட்டால் நடுவில் பெரிய ஓட்டை விழும். அந்தக் காலத்து இரட்டை இன்ஜின் விமானங்கள் வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது இதனால்தான். 120 நிமிட வட்டம் 1,480 கி.மீ. எட்டும். இரு கரையிலிருந்தும் போட்டாலும் நடுவில் 220 கி.மீ. இடைவெளி மிஞ்சும். ஐஸ்லாந்தின் கெப்லாவிக் அந்த நடுப்பகுதியிலிருந்து சுமார் 1,400 கி.மீ. அங்கிருந்து ஒரு வட்டம் போட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். தெற்கே போகும் பாதைகளுக்கு அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் இதே வேலையைச் செய்கிறது. கெப்லாவிக்கில் பனிப்புயல் என்றால் லண்டன்–நியூயார்க் பாதையே மாறக்கூடும்; அங்கே யாரும் இறங்கப் போவதில்லை என்றாலும்.

கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைக்கும் வரை

இதுவரை கணக்கிட்டது வானில் நேர்வழியில் பறக்கும் நேரம் மட்டும். டிக்கெட்டில் இருப்பது வேறு. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பார்கள். புறப்படும்போது அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போன இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை எண்ணுவதுதான் பயண நேரம். பிளாக் டைம் என்ற பெயர் அந்தக் கட்டையிலிருந்து வந்தது.

இதில் சேர்பவை: ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஹீத்ரோ போன்ற இடத்தில் இருபது நிமிடம் எளிதாகப் பிடிக்கும். 35,000 அடிக்கு ஏற இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். அப்போது வேகம் குறைவு. இறங்கும்போது வரிசையில் காத்திருப்பு. ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஆக்கம் என்ற நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடித்துக் காத்திருப்பது அன்றாடக் காட்சி. தரைக்கு வந்தபின் நிறுத்துமிடம் காலியாகும் வரை இன்னொரு காத்திருப்பு.

தோராயமாகக் கணக்கிட ஒரு வழி: தூரத்தை, 900-உடன் காற்றைக் கூட்டியோ கழித்தோ கிடைக்கும் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏற, இறங்க, வளைய அரை மணி, தரையில் ஊர அரை மணி சேருங்கள். போவதற்கு 6:46 உடன் ஒரு மணி சேர்த்தால் 7:46. வருவதற்கு 5:33 உடன் ஒரு மணி சேர்த்தால் 6:33. அட்டவணையில் 8-ம் 7-ம் இருந்ததே என்றால், மிச்சம் விமான நிறுவனம் வைத்துக்கொள்ளும் தாராளம். 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்றே துறையில் எண்ணுவது வழக்கம். அதற்குத் தோதாக அட்டவணையைச் சற்றுத் தளர்வாகப் போடுகிறார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில் பெரும்பாலும் இந்தத் தளர்வின் பங்குதான் அதிகம்.

எரிபொருளும் இதே தர்க்கத்தில்தான் ஏற்றப்படுகிறது. போய்ச் சேரத் தேவையானது, அதற்கு மேல் முன்னறிவிப்பு பொய்த்தால் ஈடுகட்ட ஒரு பங்கு, கென்னடி மூடியிருந்தால் வேறு நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அங்கே போயும் அரை மணி வட்டமடிக்க ஒரு பங்கு. எதிர்க்காற்று கடுமையாக இருக்கும் குளிர்கால நாளில் இவை எல்லாம் கூடி, சரக்கின் எடையைக் குறைக்கும் நிலைகூட வரலாம்.

வங்கக் கடலுக்கு இதே கணக்கு

தமிழர்கள் அதிகம் பறக்கும் கடல் வழி ஒன்றுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82. கணக்கு 26.3 டிகிரி தரும், 2,924 கி.மீ.

இங்கே இரண்டு விஷயம் மாறுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தட்டை வரைபடத்தில் போட்ட நேர்கோடும் நூல் வழியும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும்; அட்லாண்டிக்கில் கிடைத்த 220 கி.மீ. லாபம் இங்கே கிடையாது. அட்லாண்டிக்கில் பார்த்த அளவுக்கு வலுவான, நிலையான மேல்காற்று வருடம் முழுவதும் இங்கே இல்லாததால் போக வர நேர வித்தியாசமும் குறைவு. இந்த வழியில் அதிகம் ஓடும் ஒற்றை நடைபாதை விமானங்கள் மாக் 0.78 அளவில், மணிக்கு சுமார் 830 கி.மீ. போகும். 2,924-ஐ அதால் வகுத்தால் 3 மணி 31 நிமிடம். ஏற, இறங்க, ஊர ஒரு மணி சேர்த்தால் நாலரை மணி. சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி முன்னே இருப்பதால் டிக்கெட்டில் போவது ஏழு மணி நேரம் போலவும், வருவது இரண்டு மணி நேரம் போலவும் தெரியும். இரு நாடுகளிலும் கோடைக்காலக் கடிகார மாற்றம் இல்லை என்பதால் இந்த இரண்டரை மணி எந்த மாதத்திலும் மாறாது.